மூல நோய்: டென்டேட் கோட்டைப் பிடித்துக்கொண்டு படிக்க முக்கியக் குறிப்புகள்

எம்.ஆர்.பி. செவிலியர், மருந்தாளுநர் தேர்வுகளுக்கும் நர்சிங் ஆண்டுத் தேர்வுகளுக்கும் படிப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. இந்தப் பாடத்தைப் பலர் சிகிச்சைப் பெயர்களின் பட்டியலாக உருப்போடுகிறார்கள். தேர்வு அறைக்குள் நுழையும்போது பாதி மறந்திருக்கும். ஆசனவாய்க் குழாயின் நடுவே ஓடும் ஒரு கோட்டைப் புரிந்துகொண்டால் போதும். எது வலிக்கும், எது வலிக்காது, வளையத்தை எங்கே மாட்டுவது, ஊசியை எங்கே போடுவது, புற்றுநோய் எந்த நிணநீர் முடிச்சுக்குப் போகும் என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

மூலம் என்பது என்ன?

• ஆசனவாய்க் குழாயின் உட்சுவரில் ரத்தக் குழல்களும் இணைப்புத் திசுவும் மென்தசையும் சேர்ந்த மூன்று மெத்தைகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. அவை நோய் அல்ல. வீங்கி, பிடிப்பு தளர்ந்து, கீழே சரிந்து தொல்லை தரும்போதுதான் மூல நோய் என்கிறோம்.

• குழாயின் வாஷர் எப்படித் துளி நீரையும் நிறுத்துகிறதோ, அப்படி இந்த மெத்தைகள் வாயுவும் நீர்த்த மலமும் கசியாமல் அடைத்துக்கொள்கின்றன. ஓய்வு நிலையில் ஆசனவாயின் மூடும் அழுத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இவற்றின் பங்கு. மீதியில் பெரும்பகுதி உள் சுருக்குத் தசையுடையது. மூல அறுவைக்குப் பின் சிலருக்கு லேசான கசிவு ஏற்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

• மூன்று மெத்தைகளின் இடம்: நோயாளி மல்லாந்து கால்களைத் தூக்கி வைத்த லித்தாட்டமி நிலையில் கடிகார முகமாக நினைத்தால் 3, 7, 11 மணி. அதாவது இடது பக்கம், வலது பின், வலது முன். ஒற்றை வரி வினாவுக்கு ஏற்ற செய்தி. நோயாளியின் நிலை மாறினால் மணியும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

• மூலம் என்பது வெறும் சிரை வீக்கம் என்ற பழைய கருத்தை அசைத்தவர் தாம்சன். ஆசனவாய் மெத்தைகள் சரிவதே நோய் என்று அவர் கட்டுரை எழுதிய ஆண்டு 1975. மெத்தையை இடத்தில் பிடித்து வைப்பது ட்ரெய்ட்ஸ் தசை; அது நைந்தால் சரிவு தொடங்கும்.

• ரத்தம் கருஞ்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்ற சிவப்பாக வருவது ஏன்? மெத்தைக்குள் தமனியும் சிரையும் நேரடியாக இணைகின்றன. அதனால் கொட்டுவது ஆக்சிஜன் நிறைந்த தமனி ரத்தம். சிரை வீக்கக் கொள்கையால் இதை விளக்க முடியாது.

டென்டேட் கோடு

ஆசனவாய்க் குழாயின் நீளம் ஏறத்தாழ 4 செ.மீ. அதன் வெளி விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்ளே, பல் வரிசை போன்ற ஒரு கோடு சுற்றி ஓடுகிறது. கருவில் இரண்டு வெவ்வேறு அடுக்குகள் வந்து சந்தித்த இடம் அது. மேல் பாதி எண்டோடெர்மிலிருந்து வந்தது. கீழ்ப் பாதி எக்டோடெர்மிலிருந்து. இரண்டும் ஒட்டிக்கொண்டாலும் தத்தம் நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

• கோட்டுக்கு மேலே: தூண் வடிவ எபிதீலியம். தன்னியக்க நரம்புகள் மட்டுமே. வெட்டினாலும் சுட்டாலும் கூர்மையான வலி தெரியாது. தமனி, மேல் மலக்குடல் தமனி. அது கீழ் மெசன்டரிக் தமனியின் கடைசிக் கிளை. சிரை ரத்தம் போர்ட்டல் சிரைக்கு, அதாவது கல்லீரலுக்குப் போகிறது. நிணநீர் உள் இலியாக் முடிச்சுகளுக்கும் கீழ் மெசன்டரிக் முடிச்சுகளுக்கும்.

• கோட்டுக்குக் கீழே: செதிள் எபிதீலியம். புடெண்டல் நரம்பின் கிளையான கீழ் மலக்குடல் நரம்பு. வேர்கள் எஸ் 2, 3, 4. தோலைப் போலவே சுருக்கென்று வலிக்கும். தமனி, உள் புடெண்டல் தமனியிலிருந்து வரும் கீழ் மலக்குடல் தமனி. சிரை ரத்தம் உள் இலியாக் சிரை வழியாகப் பொது ஓட்டத்துக்கு. நிணநீர் தொடை இடுக்கிலுள்ள மேலோட்ட முடிச்சுகளுக்கு.

இந்த இரண்டு பத்தியையும் வைத்துக்கொண்டு வினாக்களை எதிர்கொள்ளுங்கள். உள்மூலம் ஏன் வலியில்லாமல் ரத்தம் கொட்டுகிறது? கோட்டுக்கு மேலே இருப்பதால். வெளிமூலத்தில் ரத்தம் உறைந்தால் ஏன் உட்கார முடியாத வலி? கோட்டுக்குக் கீழே இருப்பதால். ரப்பர் வளையம் மயக்க மருந்தே இல்லாமல் எப்படிப் போட முடிகிறது? மேலே போடுவதால். போட்டவுடனே நோயாளி துடித்தால் என்ன பொருள்? வளையம் கோட்டின் மீதோ கீழோ விழுந்திருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். ஆசனவாய் விளிம்பில் வந்த புற்றுநோய்க்கு மருத்துவர் ஏன் தொடை இடுக்கைத் தடவிப் பார்க்கிறார்? அதற்கும் பதில் மேலே இருக்கிறது.

• ஒரு பொறி: கல்லீரல் சிரோசிஸில் போர்ட்டல் அழுத்தம் கூடும்போது இந்த இடத்தில் உருவாவது ஆசனவாய்-மலக்குடல் சிரைப் புடைப்பு. அது மூல நோய் அல்ல. போர்ட்டல் அழுத்த நோயாளிகளுக்கு மூலம் அதிகமாக வருவதும் இல்லை. பழைய கையேடுகளில் இன்னும் மாற்றி எழுதியிருப்பார்கள்.

படிநிலைகள்

கோலிகர் வகைப்பாடு உள்மூலத்துக்கு மட்டும். வெளிமூலத்துக்குப் படிநிலை கிடையாது.

• 1: ரத்தம் வரும், வெளியே சரியாது.
• 2: முக்கும்போது வெளியே வரும், தானே உள்ளே போகும்.
• 3: வெளியே வரும், விரலால் தள்ளினால்தான் போகும்.
• 4: வெளியிலேயே நிற்கும், தள்ளினாலும் போகாது.

ரத்தத்தின் அளவுக்கும் படிநிலைக்கும் தொடர்பில்லை. முதல் படியில் உள்ளவர் ஹீமோகுளோபின் 6க்கு இறங்கி வார்டில் சேரலாம். நான்காம் படியில் உள்ளவருக்குத் துளி ரத்தமும் வராமல் இருக்கலாம்.

• தொந்தரவில்லாத உள்மூலம் விரல் பரிசோதனையில் தட்டுப்படாது, மெத்தென்று அமுங்கிவிடும். பார்த்துச் சொல்ல புரோக்டோஸ்கோப் வேண்டும். பரிசோதனைக்கு வழக்கமான நிலை இடது பக்கமாகப் படுத்த சிம்ஸ் நிலை.

• ஐ.சி.டி.-10 குறியீடு கே 64. கர்ப்ப கால மூலத்துக்குத் தனியாக ஓ 22.4.

ரத்தம் வந்தாலே மூலமா?

பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. வேறு வேறு நோய்களை ஒரே பெயருக்குள் அடைத்த பழக்கம் அங்கேதான் வேர்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்கப்பட்டு அங்கே போகிறவர்களில் சிலருக்கு மலக்குடல் புற்றுநோய் இருக்கும். அது தெரியவரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். தேர்வுக்காக மட்டும் அல்ல, வேலைக்குப் போன பிறகும் இந்தப் பகுதிதான் கைகொடுக்கும்.

• ஆசனவாய் வெடிப்பு: மலம் கழிக்கும்போது பிளேடால் கீறியது போன்ற வலி, பிறகும் மணிக்கணக்கில் எரிச்சல். ரத்தம் மலத்தின் மேல் ஒரு கோடாக. பெரும்பாலும் பின்பக்க நடுக்கோட்டில். பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் கிரோன் நோய், காசநோய் போன்றவற்றை நினைக்க வேண்டும்.

• பவுத்திரம்: ஆசனவாய்க்கு அருகே சிறு துளை, விட்டுவிட்டுச் சீழ். உள்வாய் எங்கே என்று ஊகிக்க குட்சால் விதி.

• உறைந்த வெளிமூலம்: திடீரென்று நீலம் பாய்ந்த கட்டி, கடும் வலி. முதல் 72 மணி நேரத்துக்குள் வந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு வெட்டி எடுக்கலாம். அதன் பிறகு வந்தால் வலி ஏற்கெனவே குறையத் தொடங்கியிருக்கும். வெந்நீர், வலி மாத்திரை, மலமிளக்கி போதும்.

• மலக்குடல் இறக்கம்: வெளியே வந்த சதையில் வட்ட வட்டமான மடிப்புகள். சரிந்த மூலத்தில் மடிப்புகள் நடுவிலிருந்து ஆரம் போல விரியும். படம் கொடுத்துக் கேட்கத் தோதானது.

• குழந்தைக்கு வலியில்லாமல் ரத்தம் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஜுவனைல் பாலிப். குழந்தைகளுக்கு மூலம் அரிது.

• மலக்குடல் புற்றுநோய்: மலம் கழித்த பிறகும் இன்னும் இருப்பது போன்ற முக்கல், சளி கலந்த ரத்தம், மலப் பழக்கத்தில் மாற்றம், எடை இழப்பு. மூலம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக மேலே பார்க்காமல் விடக்கூடாது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். நடு வயதைத் தாண்டியவர், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உள்ளவர், காரணம் தெரியாத ரத்தசோகை உள்ளவர் என்றால் கொலனோஸ்கோப்பி.

• கறுப்பாக, தார் போன்று மலம் போனால் ரத்தம் இரைப்பை அல்லது முன்சிறுகுடலிலிருந்து. மூலத்தில் மலம் கறுக்காது. மறைமுக ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் அதை மூலத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

யாருக்கு, எதனால்?

• மலச்சிக்கலும் முக்குதலும் முதலிடம். நாள்பட்ட வயிற்றுப்போக்கும் காரணமாகலாம் என்பது பலர் விடும் விடை.

• கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்கள்: புரொஜெஸ்டிரோன் குடல் அசைவைக் குறைக்கிறது, கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது, இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்குகிறது. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் அடங்கிவிடும். அதுவரை நார்ச்சத்து, நீர், இடது பக்கம் படுத்தல், வெந்நீர்.

• ‘சூட்டு உடம்பு, கோழிக்கறி தின்றால் மூலம் வரும்’ என்ற பேச்சு வீட்டுக்கு வீடு உண்டு. கோழியில் நார்ச்சத்து அறவே இல்லை. தட்டு நிறைய பிரியாணி, கீரையோ காயோ கிடையாது என்றால் மறுநாள் முக்கத்தான் வேண்டும். சூட்டை இழுக்கத் தேவையில்லை.

• மிளகாய்? 2006இல் இத்தாலிய அறுவை மருத்துவர்கள் மூல நோயாளிகளுக்கு மிளகாய்ப் பொடி அடைத்த கேப்ஸ்யூலும் வெற்றுக் கேப்ஸ்யூலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம், வலி, வீக்கம் எதிலும் வேறுபாடு இல்லை. வெடிப்பு உள்ளவர்களின் கதை வேறு. அவர்களுக்கு எரியத்தான் செய்யும்.

• கைப்பேசி: 2025 செப்டம்பரில் பிளோஸ் ஒன் இதழில் பாஸ்டன் மருத்துவர்களின் ஆய்வு வந்தது. கொலனோஸ்கோப்பிக்கு வந்த 125 பேரில் 66 சதவீதத்தினர் கழிப்பறையில் கைப்பேசி பார்ப்பவர்கள். அவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகம். 5 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தவர்களும் அவர்களில்தான் அதிகம். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை, எண்ணிக்கையும் சிறியது. இருந்தாலும் வெஸ்டர்ன் கம்மோடில் ஆசனவாய்க்குக் கீழே தாங்கல் இல்லை, மெத்தைகள் தொங்கிக்கொண்டே இருக்கும் என்ற விளக்கம் உடற்கூற்றோடு ஒத்துப்போகிறது.

• குத்துக்காலிட்டு உட்காரும்போது பியூபோரெக்டாலிஸ் தசை தளர்ந்து மலக்குடலின் வளைவு நேராகிறது. கம்மோடில் உட்காருபவர் காலுக்குக் கீழே சிறு பலகை வைத்துக்கொண்டால் ஓரளவு அதே பலன்.

சிகிச்சை: எளியதிலிருந்து

முதல் வரிச் சிகிச்சை எது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நார்ச்சத்தும் நீரும் என்று எழுதுங்கள். எந்தப் படிநிலையானாலும் அது கூடவே இருக்கும். 7 ஆய்வுகள், 378 நோயாளிகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வில் நார்ச்சத்து ரத்தக் கசிவைப் பாதியளவு குறைத்தது. விலை உயர்ந்த பல களிம்புகளுக்கு இந்த அளவு சான்று கிடையாது.

• நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து. கீரை, வாழைத்தண்டு, அவரை, சுண்டல், கொய்யா, தவிடு நீக்காத சாமை, வரகு. ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும், படிப்படியாக.

• இசப்கோல்: பிளான்டாகோ ஓவேட்டா என்ற செடியின் விதை உமி. உலகில் அதிகம் விளைவிப்பது இந்தியா, குஜராத்தும் ராஜஸ்தானும். நீரை உறிஞ்சி மலத்தின் பருமனைக் கூட்டும் வகை. நிறைய தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். குறைந்த நீரில் தொண்டையில் அடைக்கும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, இடைவெளி தேவை. மருந்தாளுநர் தேர்வர்கள் கவனிக்க.

• லாக்டுலோஸ் சவ்வூடு பரவல் வகை. பிசாகோடில் குடலைத் தூண்டும் வகை.

• டயோஸ்மின், ஹெஸ்பெரிடின்: எலுமிச்சைக் குடும்பப் பழங்களின் ஃபிளேவனாய்டுகள். 500 மி.கி. மாத்திரையில் 450 மி.கி. டயோஸ்மின், 50 மி.கி. ஹெஸ்பெரிடின். சிரைச் சுவரின் இறுக்கத்தைக் கூட்டிக் கசிவைக் குறைக்கும்.

• ஸ்டீராய்டு களிம்பு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், தோல் மெலியும். நைட்ரோகிளிசரின் களிம்பு வெடிப்புக்கானது. பக்க விளைவு தலைவலி.

• ரப்பர் வளையம்: 1, 2ஆம் படிகளுக்கும் 3இல் சிலருக்கும். முதலில் முயன்றவர் பிளெய்ஸ்டெல், 1958. கருவியைச் செம்மைப்படுத்திப் பரவலாக்கியவர் பாரன், 1963. ரத்த ஓட்டம் நின்ற சதை 5 முதல் 10 நாளில் உதிரும். அன்று சிறிது ரத்தம் வரும் என்று முன்பே சொல்லி அனுப்பாவிட்டால் நோயாளி நள்ளிரவில் கேஷுவாலிட்டிக்கு ஓடி வருவார். ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் போடக்கூடாது. வலி, காய்ச்சல், சிறுநீர் கழிக்க முடியாமை மூன்றும் சேர்ந்து வந்தால் இடுப்புக்குழித் தொற்று; அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து.

• ஸ்கிளீரோதெரபி ஊசி: பாதாம் எண்ணெயில் 5 சதவீத ஃபீனால், சப்மியூகோசாவில், கோட்டுக்கு மேலே. ஆண்களுக்கு முன்பக்கம் ஆழமாகப் போனால் புராஸ்டேட் அழற்சி. கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உண்டா என்று கேட்பது செவிலியர் வேலை.

• மில்லிகன்-மார்கன்: 1937, லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை. மூலத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புண்ணைத் திறந்தே விடும் முறை. ஃபெர்குசன் முறையில் புண்ணைத் தைத்து மூடுவார்கள்.

• ஒயிட்ஹெட்: 1882. சுற்றிலும் வெட்டி எடுக்கும் முறை. உட்சவ்வு வெளியே பிதுங்கும் ‘ஒயிட்ஹெட் குறைபாடு’ அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

• மொரினாகா, ஜப்பான், 1995: டாப்ளர் வைத்து மூலத் தமனியைக் கண்டுபிடித்துக் கட்டுதல்.

• லாங்கோ, இத்தாலி, 1998: ஸ்டேப்ளர். கோட்டுக்கு மேலே உட்சவ்வை வளையமாக வெட்டி மெத்தைகளை மேலே இழுத்து நிறுத்துவது. வலி குறைவு என்பதால் ஒரு காலத்தில் அலைபோலப் பரவியது. 2016இல் வெளிவந்த இதாஸ் ஆய்வு, பிரிட்டனில் 777 நோயாளிகள், நீண்ட காலப் பலனில் பழைய வெட்டு முறையே மேல் என்றது. அதே 2016இல் ஹபுள் ஆய்வு: ஓராண்டில் நோய் திரும்பியவர்கள் தமனிக் கட்டு முறையில் 30 சதவீதம், ஒருமுறை வளையம் போட்டவர்களில் 49. வளையத்தை மறுமுறையும் போடலாம், செலவும் குறைவு; அதனால் அது களத்தை விட்டுப் போகவில்லை.

அறுவைக்குப் பின் வார்டில்

• மிகச் சாதாரணமான உடனடிச் சிக்கல்: சிறுநீர் தேக்கம். வலி, ஸ்பைனல் மயக்கம், அளவுக்கு மீறிய ஐ.வி. திரவம் மூன்றும் காரணம். எத்தனை மணிக்கு முதல் சிறுநீர் போனது என்று குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும்.

• 24 மணி நேரத்துக்குள் ரத்தம் வந்தால் ரியாக்ஷனரி. 7 முதல் 10 நாளில் வந்தால் செகண்டரி, அதன் காரணம் தொற்று. மாதங்கள் கழித்து மலம் மெலிந்து நாடாவாகப் போனால் ஆசனவாய் குறுகல்.

• முதல் மலம் கழித்தல் வரை மலமிளக்கியை நிறுத்தக்கூடாது. வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலி கூடும். முதல் தடவை மயங்கி விழுபவர்கள் உண்டு. கழிப்பறை வாசல் வரை துணை.

• சிட்ஸ் பாத்: சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெந்நீர், 10 முதல் 15 நிமிடம், ஒவ்வொரு முறை மலம் கழித்த பிறகும். ரத்த நாளம் விரிந்து தலைசுற்றலாம், நாடித்துடிப்பைப் பாருங்கள். உப்போ டெட்டாலோ தேவையில்லை.

• படுக்கை: பக்கவாட்டில். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் டியூப் மீது நீண்ட நேரம் உட்கார வைப்பது நல்லதில்லை, ரத்தம் தேங்கும்.

பொது அறிவுத் துணுக்குகள்

• செயின்ட் மார்க்ஸ்: ஃபிரெடெரிக் சால்மன் 1835இல் 7 படுக்கைகளோடு தொடங்கியது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் சால்மன் அறுவை செய்தார். அது பவுத்திரத்துக்கு, மூலத்துக்கு அல்ல.

• பண்டை எகிப்தில் ஆசனவாய் நோய்களுக்கென்றே எழுதப்பட்ட பப்பிரஸ்: செஸ்டர் பீட்டி 6.

• 1978 டிசம்பரில் மூல வலியால் பணிகளை ஒத்திவைத்த அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர். வாட்டர்லூவில் (1815) நெப்போலியன் தோற்றது மூலத்தால் என்ற கதை இன்னும் வாக்குவாதத்தில் இருக்கிறது. அதை உறுதியான விடையாகக் கொள்ள வேண்டாம்.

சித்த, ஆயுர்வேதக் குறிப்புகள்

• யூகி வைத்திய சிந்தாமணி மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. வழக்கில் உள்ள மருந்துகள்: துத்தி இலை, கருணைக் கிழங்கு லேகியம், பிரண்டை. துத்தியின் தாவரப் பெயர் அபுட்டிலான் இண்டிகம். தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பது தாம்பரம் சானடோரியம், தொடங்கியது 2005.

• சுசுருதர் அர்சஸை, அதாவது மூலத்தை, எட்டு மகா நோய்களில் ஒன்றாக வைத்தார். வகைகள் ஆறு: வாதம், பித்தம், கபம், ரத்தம், சன்னிபாதம், பிறவி. சிகிச்சை நான்கு: மருந்து, காரம், அக்கினி, சஸ்திரம். எளியதில் தொடங்கி வெட்டில் முடியும் இந்த வரிசையும் இன்றைய படிநிலைச் சிகிச்சையும் ஒரே திசையில் போவது கவனிக்கத்தக்கது.

• காரசூத்திரம்: காரப் பூச்சு ஏற்றிய நூல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பல மைய ஆய்வு 1991இல் வெளியானது. நூல் முறையில் ஆற 8 வாரம், அறுவையில் 4 வாரம். ஆனால் நோய் திரும்பியது நூலில் 4 சதவீதம், அறுவையில் 11. இந்த எண்கள் பவுத்திரத்துக்கு உரியவை. மூலத்துக்கான விடையில் இவற்றை எழுதினால் மதிப்பெண் போய்விடும்.